அயற் களத்தில் நாட்டிய கொடி
நூட் றொக்னியின் வாழ்க்கை வரலாறு

சொந்த மைதானத்திலே பெறும் வெற்றியைச் சொந்தப் பிள்ளைகளே கண்டு மகிழ்வர். அயலார் மைதானத்திலே பெறும் வெற்றியையோ அயலாரே கண்டு ஊரெங்கும் சொல்வர். நம் கல்லூரி அணியைப் பின்தொடர்ந்து வேற்றூர் சென்று வந்த பழைய மாணவர் யாவரும் இவ்வுண்மையை அனுபவத்தால் அறிவர். பேருந்திலே இடிபட்டுப் போய், எதிரணியாரின் ஆரவாரத்துக்கிடையே பத்துப் பன்னிருவராய் ஒரு மூலையில் ஒதுங்கி நின்று, நம் பிள்ளைகள் பந்தைக் கொண்டு முன்னேறும்போது தொண்டை வரளக் கூவியவர்களுள் நானும் ஒருவன். அன்று அந்த மூலையே எமக்குக் கல்லூரியாயிருந்தது. அத்தகைய அயற் களத்திலே, ஒரே பிற்பகலில், பெயரறியாத ஒரு கல்லூரியை நாடறியச் செய்த இளைஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

ஜூபிலி மலரிலே அந்நிய நாட்டார் ஒருவரின் கதை எதற்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். கல்லூரியன்பு என்பது எந்நாட்டிலும் ஒரே தன்மையது. தம் கல்லூரிக்குப் புகழ் தேடித் தந்ததோடமையாது, அக்கல்லூரியிற் காலடி வைத்திராத இலட்சக்கணக்கானோரையும் அதன் பிள்ளைகளாக்கிய பெருமை நூட் றொக்னியாருக்கு உண்டு. எனவே பழைய மாணவர் சங்கத்தார் அவரை அறிந்திருத்தல் தகும்.

நோர்வே நாட்டின் மலைகளுக்கிடையே வொஸ் என்னும் ஊரில், 1888ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் லார்ஸ், குதிரை வண்டிகள் செய்வதில் வல்ல தொழிலாளர். 1893இல் சிக்காகோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் தாம் செய்த வண்டியைக் காட்சிக்கு வைக்கும் நோக்குடன் அவர் முன்னதாகக் கடல் கடந்தார். மனைவி மக்கள் பின்தொடர்ந்தனர். சுவாமி விவேகானந்தர் சர்வமத மகாசபையிலே தோன்றி உலகின் கவனத்தை ஈர்த்ததும் அதே ஆண்டில், அதே நகரிலே தான். அந்நகரின் தெருக்களிலே மொழி புதிதாய், மக்கள் புதிதாய், ஐந்து வயதுப் பாலகனாய் றொக்னி வளர்ந்தார்.

குடும்பம் செல்வமுடையதன்று. பள்ளிப் படிப்பு முற்றுப்பெறுமுன்னரே உத்தியோகம் தேட நேர்ந்தது. சிக்காகோத் தபாற் கந்தோரில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். 1910இல், மற்றை மாணவர் பட்டம் பெற்று வெளியேறும் இருபத்திரண்டாம் வயதில், அவர் கல்லூரிக்குள்ளே நுழைந்தார். இண்டியானா மாகாணத்துச் சவுத் பெண்ட் நகரருகே இருந்த நோட்டர் டேம் என்னும் கத்தோலிக்கக் கல்லூரியே அவர் தேர்ந்தது. அவரோ அக்காலை லூதர் மரபைச் சார்ந்தவர். கத்தோலிக்க சமயத்தை அவர் தழுவியது 1925இலேயே. வயதாலும் சமயத்தாலும் வேறுபட்ட அம்மாணவரைக் கல்லூரி மனமுவந்து ஏற்றது. அவரும் இரசாயனத்தில் ஊன்றிப் படித்தார். மாணவர் வாத்தியக் குழுவிலே புல்லாங்குழல் வாசித்தார். ஓட்டத்திலும் கோலூன்றிப் பாய்தலிலும் ஈடுபட்டார். ஐந்தடி எட்டங்குலமே உயரமுள்ள அவ்வுடலைக் கொண்டு உதைபந்தாட்ட அணியிலும் இடம் பிடித்தார்.

அமெரிக்கர் கல்லூரிகளில் ஆடும் உதைபந்தாட்டம் நாம் ஆடுவது போன்றதன்று, றக்பியின் வழிவந்தது. பந்து முட்டை வடிவினது. பக்கத்துக்குப் பதினொருவர். நான்கு முயற்சிக்குள் பத்து யார் முன்னேறிவிட்டால் பந்தை மேலும் வைத்திருக்கலாம். முன்னேறாவிட்டால் அது எதிரணியாரைச் சேரும். எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளி. அதன்பின் குறி தவறாது உதைத்தால் மேலும் ஒன்று. முற்காலத்தில் இவ்வாட்டம் உடல் வலிமையொன்றையே நம்பிய மோதலாயிருந்தது. இளைஞர் கைகோத்துக் கூட்டமாய் முட்டி மோதியதால் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. 1905இல் இக்கொடுமை பெரிதாகப் பேசப்பட்டு, ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆலோசிக்குமளவுக்கு முற்றியது. அதன் பயனாய் 1906இல் பந்தை முன்னோக்கி எறிதல் விதிப்படி அனுமதிக்கப்பட்டது. ஆயினும் இருபது யாருக்கு மேல் எறியக்கூடாதென்பது போன்ற தடைகள் நெடுநாள் நீடித்தன. 1912இலேயே அத்தூரக் கட்டுப்பாடு நீங்கியது. கதவு திறந்துவிட்டது, உள்ளே நுழைவாரைத்தான் காணவில்லை.

1913ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில் றொக்னியாரும் அவர் தோழர் கஸ் டொறேயும் ஈரி ஏரிக்கரையில் சீடர் பொயின்ற் என்னும் உல்லாச விடுதியிலே வேலைக்கமர்ந்தனர். வேலையொழிந்த நேரங்களில் இருவரும் மணற்கரையிலே பந்தெறிந்து பழகினர். ஒருவர் எறிவார், மற்றவர் ஓடுவார். பந்தை வயிற்றோடு அணைத்து நின்று ஏந்துவதே அன்று வழக்கம். ஓடும் வேகம் குறையாமல், தோளுக்கு மேலாக வரும் பந்தைக் கைவிரல்களாலே பற்றுவதற்கு றொக்னியார் தம்மைப் பழக்கினார். கரையில் உலாவந்தோர் இதனை இளைஞரின் பொழுதுபோக்கென எண்ணியிருப்பர். கைதட்ட ஒருவருமில்லாத அம்மணலிலேதான் பின்வந்த வெற்றி விளைந்தது.

நோட்டர் டேமுக்கு அக்காலத்திலே ஒரு குறை இருந்தது. மேற்குப் பிரதேசத்துப் பெரிய பல்கலைக்கழகங்கள் தம் சங்கத்தில் அதனைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. சில அதனோடு ஆடவும் மறுத்தன. அயலார் கதவடைத்தால் தொலைவிலுள்ளாரைத் தேடிப் போகவேண்டியதுதானே? புதிதாய் வந்த பயிற்றுநர் ஜெஸி ஹாப்பர் நாடெங்கும் கடிதம் எழுதிப் போட்டிகளை ஒழுங்கு செய்தார். அவற்றுள் ஒன்று, நியூ யோர்க் மாகாணத்து வெஸ்ற் பொயின்றிலுள்ள இராணுவக் கல்லூரியோடு நிகழ்ந்தது. நாட்டின் தலைசிறந்த அணிகளுள் அஃதொன்று. பின்னாளில் ஜனாதிபதியாய் விளங்கிய ஐசன்ஹோவர் அவ்வமயம் அங்கே மாணவராயிருந்தார். முந்திய ஆண்டு முழங்காலில் காயமுற்றமையால் ஆட்டத்தைக் கைவிட்டிருந்தார்.

அணித் தலைவராகிய றொக்னியாரும் தோழரும் அறுநூறு மைலுக்கும் அப்பாலிருந்து புகையிரதமேறிச் சென்றனர். 1913 நவம்பர் 1ஆம் நாள். சுற்றிலும் எதிரணியாரின் கூட்டம். ஊக்க ஒலியெழுப்பத் தம்மவர் அரிது. இராணுவக் கல்லூரியார் ஆள் பருமனிலும் மிகுந்தவர். தொடக்கத்திலே றொக்னியார் கால் நொண்டுபவர் போல நடந்தாராம். அவரைக் காத்து நின்ற எதிரணி வீரர் இவரால் ஆபத்தில்லையென்று அசட்டையாயிருந்த வேளையில், திடீரென நொண்டல் மறைந்தது, கால் பறந்தது. டொறே எறிந்த பந்து வானில் வளைந்து வந்தது. எவருமில்லாத வெளியில் அதனைக் கைவிரலாற் பற்றிக்கொண்டு அவர் எல்லை கடந்தார். பார்த்திருந்தோர் திகைத்தனர்.

ஆயினும் இராணுவக் கல்லூரியார் சளைத்தாரல்லர். இடைவேளையில் நிலை 14க்கு 13. ஒரே புள்ளி வித்தியாசம். தூரத்திலிருந்து வந்த ஆதரவாளன் ஒருவன் அன்று அங்கு நின்றிருந்தால், அந்த இடைவேளையை எவ்வாறு கழித்திருப்பானென்பது எம்மனோர்க்குச் சொல்லாமலே விளங்கும். பிற்பாதியிலோ கதை மாறிற்று. எறிபந்தைத் தடுக்கக் காவலர் பின்வாங்கினால், நோட்டர் டேமார் நடுவே பிளந்து ஓடினர். ஓட்டத்தைத் தடுக்க முன்வந்தால், பந்து தலைக்குமேலாற் பறந்தது. பிற்பாதியில் இருபத்தொரு புள்ளிகள் பெற்று, எதிரணிக்கு ஒன்றும் கொடாது, 35க்கு 13 என வென்றனர். டொறே எறிந்த பதினேழு பந்துகளுள் பதினான்கு கைசேர்ந்தன; அவற்றால் வந்த முன்னேற்றம் 243 யார்.

முன்னெறிதலை இவ்விருவரே கண்டுபிடித்தனர் என்று சிலர் கூறுவது பொருந்தாது. 1906 முதல் வேறு கல்லூரிகளும் அதனைக் கையாண்டுள்ளன. ஆனால் நாட்டின் பத்திரிகைகள் உற்று நோக்கும் ஒரு களத்திலே, வலிமை மிக்க அணியொன்றை அவ்வழியால் இத்துணைப் பெரிய வித்தியாசத்தில் வென்று காட்டியோர் இவரே. தோற்றவர் பெருமையும் ஈண்டுக் கூறத்தக்கது. அப்பருவத்தில் இராணுவக் கல்லூரி கண்ட தோல்வி இஃதொன்றே. அவர்கள் மனங்கசந்து இருந்துவிடவில்லை. தம்மை வீழ்த்திய கலையைத் தாமே பயின்று, அம்மாத இறுதியில் தம் பரம்பரைப் போட்டியாளராகிய கடற்படைக் கல்லூரியை 22க்கு 9 என வென்றனர். தோல்வியிலிருந்து பாடம் கேட்ட நல்ல மாணாக்கர் அவர்.

சவுத் பெண்டிலே காத்திருந்தோரை எண்ணிப் பார்ப்போம். வானொலி ஒலிபரப்பு வராத காலம் அது. தந்தியிலே வரும் இரண்டு இலக்கங்களே அவர்க்குக் கிடைக்கக்கூடிய ஆட்டம். ஓட்டமும் எறிதலும் அவரவர் மனக்கண்ணிலே நடந்தேறவேண்டும். ஆதரவாளனின் அன்பு பெரும்பாலும் இவ்வாறு காணாமலே வளர்வது. அதனாலேயே அது நெடிது நிலைக்கிறது.

1914இல் மருந்தாக்கவியலில் உயர் சிறப்புடன் பட்டம் பெற்ற றொக்னியார், அவ்வாண்டே பொனி ஸ்கைல்ஸ் என்னும் நங்கையை மணந்தார். கல்லூரியிலேயே இரசாயனம் கற்பித்துக்கொண்டு துணைப் பயிற்றுநராயும் கடமையாற்றினார். 1918இல் தலைமைப் பயிற்றுநரானார். அன்று தொடங்கிப் பதின்மூன்று பருவங்களில் அவர் அணி பெற்ற வெற்றி 105, தோல்வி 12, சமநிலை 5. தோல்வியோ சமநிலையோ இல்லாத பருவங்கள் ஐந்து. ஆட்டத் தொடக்கத்திலே இரண்டாந்தர வீரரை இறக்கி எதிரணியைக் களைப்படையச் செய்து, பின்னர் முதற்றர வீரரை அனுப்புதல் அவர் உத்திகளுள் ஒன்று. பெயர் பெறாத மாணவரும் இதனால் ஆட்டத்திற் பங்கு பெற்றனர்.

அணியோ ஓயாது பயணஞ் செய்தது. நியூ யோர்க்கிலே ஆண்டுதோறும் இராணுவக் கல்லூரியோடு நடந்த போட்டிக்கு, நோட்டர் டேமைக் கண்டறியாத மக்கள் திரண்டனர். அயர்லாந்து, இத்தாலி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய எளிய தொழிலாளர் அவர். நகரத்துச் சுரங்கப் புகையிரதத்திலேறி மைதானம் வந்த அவர்களுக்குச் சுரங்கப் புகையிரதப் பழைய மாணவர் என்றே பெயர் வழங்கிற்று. கட்டணம் கட்டிப் படித்தவரல்லர், பரீட்சை எழுதினவரல்லர். ஆயினும் தாமும் தம் பிள்ளைகளும் இந்நாட்டிலே தலைநிமிரலாம் என்பதை அவ்வணியிலே அவர்கள் கண்டனர். வண்டித் தச்சரின் மகனாய் வந்திறங்கிய றொக்னியாரே அதற்குச் சான்றாய் நின்றார்.

புகழ்ந்து கூறுவதோடு நிறுத்தின் வரலாறு நேர்மையாகாது. 1926ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், பிற்ஸ்பேர்க் நகரில் கார்ணகி ரெக் கல்லூரியோடு ஆட்டம் இருந்தது. எளிதில் வெல்லலாம் எனக் கருதிய றொக்னியார், அணியைத் துணைவரிடம் ஒப்படைத்துவிட்டு, இராணுவ, கடற்படைக் கல்லூரிகளின் ஆட்டத்தைக் காணச் சிக்காகோ சென்றார். அவர் வேறொரு மைதானத்தில் பார்வையாளராய் அமர்ந்திருக்க, அவர் பிள்ளைகள் 19க்கு 0 எனத் தோற்றனர். அவ்வாண்டின் தேசிய முதன்மையும் அத்துடன் கைநழுவிற்று. அயற் களத்துப் பெருவெற்றியால் உயர்ந்தவருக்கு அயற் களத்துப் பெருந்தோல்வியே தக்க பாடமாயிற்று. எதிரணியைச் சிறிதென எண்ணியதும், பிள்ளைகளோடு உடன் போகாமையுமே அத்தோல்விக்கு வித்து.

1928இல் மேலும் சோதனை. அப்பருவத்தில் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. நவம்பர் 10ஆம் நாள் யாங்கி மைதானத்தில் இராணுவக் கல்லூரியை எதிர்கொண்டபோது, 1920இல் இருபத்தைந்து வயதிலே நோயால் மறைந்த தம் அரிய மாணவர் ஜோர்ஜ் கிப்பை நினைவூட்டி, இறக்குந் தறுவாயில் அவர் விட்டுச்சென்ற வேண்டுகோளென ஒன்றை வீரருக்கு எடுத்துரைத்தார். அவ்வேண்டுகோள் உண்மையில் நிகழ்ந்ததோ என ஆய்வாளர் ஐயுறுவர். 12க்கு 6 என அன்று வென்றது மட்டும் ஐயத்துக்கிடமற்றது.

1929இல் கல்லூரியில் புதிய மைதானம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தமையால், ஒன்பது ஆட்டங்களையும் வெளியிலேயே ஆட நேர்ந்தது. பயிற்றுநரோ காலில் நாளவழற்சி கண்டு, படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்து கட்டளையிட வேண்டியவரானார். ஒன்பதிலும் அணி வென்றது. வீடற்ற அணிக்கு நாடெல்லாம் வீடாயிற்று.

1930இல் புதிய மைதானம் திறக்கப்பட்டது. ஆயினும் அப்பருவத்தின் பெருவெற்றி அங்கே நிகழவில்லை. டிசம்பர் 6ஆம் நாள், நாட்டின் மறுகரையில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே அது நிகழ்ந்தது. எதிரணியாகிய தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகம் அப்பருவத்தில் ஓரணியை 74க்கு 0 எனவும் மற்றோரணியை 52க்கு 0 எனவும் நசுக்கியிருந்தது. நோட்டர் டேமிலோ முன்னின்று பந்தைக் கொண்டு ஓடவேண்டிய வீரருள் ஒருவர் கல்லூரியை விட்டு நீங்கியிருந்தார், மற்றொருவர் காயமுற்றிருந்தார். றொக்னியார் இரண்டாந்தர வீரராகிய பக்கி ஓகொனரை அவ்விடத்துக்குத் தேர்ந்தார். வழியில் அரிசோனாவின் ரூசன் நகரிலே இறங்கிப் பயிற்சி செய்தபோது, பத்திரிகையாளர் அறியாவண்ணம் வேறொரு வீரரின் சட்டையை அவருக்கு அணிவித்தார். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்த மைதானத்தில், அந்த ஓகொனர் எண்பது யார் தூரம் ஒரே மூச்சில் ஓடி எல்லை கடந்தார். முடிவு 27க்கு 0. றொக்னியார் நடத்திய கடைசிக் கல்லூரிப் பருவப் போட்டி அதுவே என்பதை அன்று கைதட்டியோர் எவரும் அறியார்.

1931 மார்ச்சு 31ஆம் நாள் காலை, திரைப்படமொன்று சம்பந்தமாக லொஸ் ஏஞ்சலிஸ் செல்லும் பொருட்டு, கன்சஸ் சிற்றியிலிருந்து ஆகாயவிமானம் ஏறினார். கன்சஸ் மாகாணத்துப் பசார் என்னும் சிற்றூரருகே அவ்விமானத்தின் இறக்கை முறிந்தது. மரத்தாலாகிய அதன் உட்பாகங்களை ஒட்டிய பசை ஈரத்தால் தளர்ந்திருந்தது. விமானத்திலிருந்த எண்மரும் மாண்டனர். றொக்னியாருக்கு வயது நாற்பத்துமூன்று. நாடு முழுதும் துயரில் ஆழ்ந்தது; இறுதிச் சடங்கு வானொலியில் நாடெங்கும் ஒலிபரப்பாயிற்று. அவர் மறைவால் எழுந்த மக்கள் குரல் மரவிமானங்களைக் கடுமையாகச் சோதிக்கச் செய்து, முற்றும் உலோகத்தாலான விமானங்கள் விரைந்து வர வழிகோலிற்று. பின்வந்த பிரயாணிகளின் பாதுகாப்பிலும் அவர் பெயருக்கு ஒரு பங்குண்டு.

அன்பர்களே, இவ்வரலாற்றை முடிக்குமுன் எம்மனோர்க்கு ஒரு வார்த்தை. பெருவெற்றி கிட்டும் நாளில் கொடி பிடிக்க ஆயிரம் பேர் வருவர். ஏரிக்கரை மணலில் இருவர் பந்தெறிந்து பழகிய நாட்களில் பார்த்து நிற்க ஆளில்லை. 19க்கு 0 எனத் தோற்ற நாளில் தந்தையனையவரே உடனில்லை. நம் கல்லூரிப் பிள்ளைகள் மாலை வெயிலிலே பயிற்சி செய்யும் மைதானத்தின் ஓரம் இன்று எத்தனை பழைய மாணவர் நிற்கின்றோம்? வேற்றூரிலே தோற்றுத் திரும்பும் பிள்ளைகளை எதிர்கொள்ள எத்தனை பேர் காத்திருக்கின்றோம்? மாணவர்காள், நீவிர் அடுத்த முறை அயலூர்க் களத்திலே இறங்கும்போது எதிரணியைச் சிறிதென எண்ணாதீர். பெரிதென அஞ்சவும் வேண்டாம். மைதானத்தின் ஒரு மூலையைத் திரும்பிப் பாருங்கள். நரைத்த தலைகள் சில அங்கே தென்படும். எம்மால் ஓட இயலாது, கூவ இயலும். அக்கடமையைத் தவறாது செய்வோம்.